தோண்டியதையே திரும்பப் போட்டால் ரோடு நிற்குமா?

பழைய தார் ரோட்டை இருந்த இடத்திலேயே அரைத்து, பிணைத்து, மீண்டும் ரோடாக்கும் முறை பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளில் சில இங்கே. சாலைப் பணியில் இருக்கும் பொறியாளர்கள் பதில் தருகிறார்கள்.

கேள்வி: எங்கள் ஊரைத் தாண்டிப் போகும் நெடுஞ்சாலையில் ராட்சத இயந்திரம் ஒன்று பழைய ரோட்டைப் பொடியாக்கி அங்கேயே விட்டுவிட்டுப் போகிறது. பின்னாலேயே ரோலர் ஓட்டி அழுத்துகிறார்கள். புது ஜல்லி ஒரு லோடுகூட வரவில்லை. பழைய குப்பையையே போட்டு மிச்சம் பிடிக்கிறார்களா?
— வாசகர், தருமபுரி

மிச்சம் பிடிப்பது உண்மைதான். ஆனால் அது குப்பை இல்லை. தார் கலவையின் எடையில் ஏறக்குறைய 95 சதவீதம் கல், மீதிதான் தார். இருபது வருடம் வெயிலில் கிடந்தாலும் கருங்கல் கருங்கல்தான். கெட்டுப்போவது தார். காற்றும் வெயிலும் பட்டு அது இறுகுகிறது. வி.ஜி.30 என்ற தர வகைத் தார் புதிதாக இருக்கும்போது ஊசி ஊடுருவல் அளவு (ஊசி எவ்வளவு இறங்குகிறது என்று மென்மையைக் காட்டும் எண்) குறைந்தது 45 இருக்க வேண்டும். பழைய ரோட்டிலிருந்து பிரித்தெடுத்த தாரில் அது 20-க்குக் கீழே இறங்கியிருப்பது சாதாரணம். இறுகிய தார் வளையாது; வெடிக்கும். வெடிப்பு வழியே தண்ணீர் இறங்கி அடுக்குகளை ஊறவைக்கும். அதன் பிறகு ரோட்டை உடைப்பது லாரி. உடைய வைத்தது தண்ணீர்.

ஏழு மீட்டர் அகல ரோட்டில் 20 செ.மீ. ஆழத்துக்கு ஒரு கிலோமீட்டர் கணக்குப் போடுங்கள். 1,400 கன மீட்டர், எடையில் சுமார் 2,900 டன் வரும். அதைத் தோண்டி வெளியே கொட்ட 20 டன் டிப்பரில் 145 நடை. குவாரியிலிருந்து அதே அளவு புதுசாகக் கொண்டுவர இன்னொரு 145 நடை. இந்த 290 நடைகளும் மிச்சம். அந்த லாரிகள் போக வர மிதித்துக் கெடுத்திருக்கக்கூடிய பக்கத்து ஊர் ரோடுகளும் தப்பிக்கும். நம் சாலைகளுக்கு இதற்கென்றே இந்தியச் சாலைகள் பேரவை 2015-இல் ஐ.ஆர்.சி. 120 என்ற வழிகாட்டியை வெளியிட்டிருக்கிறது. எனவே இது ஒப்பந்ததாரரின் குறுக்கு வழி அல்ல.

உங்கள் சந்தேகத்தை வேறு பக்கம் திருப்புங்கள். அரைக்கும் முன் அந்த ரோட்டில் எத்தனை இடத்தில் குழி தோண்டிப் பார்த்தார்கள் என்று விசாரியுங்கள். வேலை நிற்குமா நிற்காதா என்பது அங்கேதான் பாதி முடிவாகிறது.

கேள்வி: சூடாக்கிச் செய்வது, குளிராகச் செய்வது, முழு ஆழத்துக்குச் செய்வது என்று பல பெயர்கள் சொல்கிறார்களே, எந்த ரோட்டுக்கு எது?
— சிவில் டிப்ளமோ மாணவர், நாமக்கல்

நோய் எந்த ஆழத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

மேல் 3 முதல் 5 செ.மீ. மட்டும் கெட்டு, கீழ் அடுக்குகள் உறுதியாக இருந்தால் சூடான முறை. வரிசையாக ஹீட்டர் வண்டிகள் போய் மேற்பரப்பை இளக்கும். பின்னால் கிளறி, இறுகிய தாருக்கு மென்மை தரும் எண்ணெய் சேர்த்து, கலந்து, புதுக் கலவையை விரிக்கும் பேவர் இயந்திரம் போலவே விரித்துவிடும். தார் உண்மையிலேயே இரண்டாம் முறை தாராக வேலை செய்வது இதில்தான். ஆனால் வண்டி வரிசை நீளம், எரிபொருள் செலவு அதிகம், ஒட்டுப் போட்ட ரோட்டில் ஒவ்வொரு ஒட்டிலும் தாரின் அளவு மாறுவதால் தரம் ஏறி இறங்கும். வேகம் கூட்டுவதற்காகச் சூட்டை ஏற்றினால் மேல்தோல் கருகிப் புகையும். அடியில் சூடே இறங்கியிருக்காது.

வெடிப்பு தார் அடுக்குகளுக்குள்ளேயே, 7 முதல் 12 செ.மீ. ஆழம் வரை இருந்தால் குளிர் முறை. தார் அடுக்கை மட்டும் அரைத்து, எமல்ஷனோ (தண்ணீரில் நுண்துளிகளாகக் கலந்து நிற்கும் தார்) நுரைத் தாரோ (தண்ணீர் பீய்ச்சி நுரைக்க வைத்த சூடான தார்) சேர்த்து அங்கேயே அழுத்துவது.

முதலைத்தோல் வெடிப்பு, உள்ளே அமுங்கிய குழிகள், மழையில் வெடிப்பு வழியே சேறு பீச்சி அடிப்பது ஆகியவை தெரிந்தால் அடித்தளம் போய்விட்டது என்று அர்த்தம். அப்போது தார் அடுக்கோடு கீழே இருக்கும் ஜல்லி அடுக்கையும் சேர்த்து 15 முதல் 25 செ.மீ. வரை அரைக்க வேண்டும். நம் ஊர் ரோடுகளில் பெரும்பாலும் தேவைப்படுவது இந்த முழு ஆழ முறைதான். இருக்கும் தார் அடுக்கு பல இடங்களில் மெல்லியது. அதை மட்டும் அரைத்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

சக்கரத் தடத்தில் பள்ளம் விழுந்த ரோட்டில் மட்டும் கொஞ்சம் நிதானியுங்கள். பள்ளத்தின் இரு கரையிலும் தார் புடைத்து எழுந்திருந்தால் குற்றம் மேல் கலவையில்: தார் மிகுதி, இளக்கம். புடைப்பு இல்லாமல் அகலமாக அமுங்கியிருந்தால் குற்றம் அடிமண்ணில். இரண்டாவதற்கு மேலே என்ன செய்தாலும் சில மழைக்காலம்தான்.

கேள்வி: சோதனைக் குழியில் என்னென்ன பார்க்க வேண்டும்? நாங்கள் கி.மீ.க்கு ஒன்று போடுகிறோம். போதுமா?
— தளப் பொறியாளர், விழுப்புரம்

போதாது. ரோடு ஒரே சீராகக் கட்டப்பட்டதாக இருந்தால் சரி. ஆனால் எந்த ரோடு அப்படி? முதலில் நடந்து பாருங்கள். தோற்றம் மாறும் இடங்களில் ரோட்டைப் பகுதிகளாகப் பிரியுங்கள்: மேடு, வயல் நடுவே போகும் தாழ்வு, அகலப்படுத்திய பகுதி, ஊருக்குள். ஒவ்வொரு பகுதிக்கும் நல்ல இடத்தில் ஒன்று, கெட்ட இடத்தில் ஒன்று என்று குழி வேண்டும். அகலப்படுத்திய ரோட்டில் பழைய நடுப்பகுதியிலும் புது விளிம்பிலும் தனித்தனியாகத் தோண்டுங்கள். நடுவில் 40 செ.மீ. ஜல்லியும் விளிம்பில் 20 செ.மீ.யும் இருப்பது அபூர்வம் இல்லை. அதே ஆழத்தில் இயந்திரத்தை விட்டால் விளிம்பில் களிமண்ணைக் கிளறி மேலே கொண்டுவந்துவிடும். பிறகு எந்தத் தாரும் உதவாது.

குழியில் ஒவ்வொரு அடுக்கின் கனம், ஈரம், சல்லடை அளவு, மண்துகளின் பிசுபிசுப்பு ஆகியவற்றைப் பாருங்கள். அந்தப் பிசுபிசுப்பைக் காட்டும் எண்ணான பிளாஸ்டிக் குறியீடு 10-ஐத் தாண்டினால் நுரைத் தாரை நேரடியாகப் போடக்கூடாது. சுண்ணாம்பு போட்டு மண்ணை அடக்க வேண்டும். 0.075 மி.மீ. சல்லடையில் இறங்கும் நுண்துகள் குறைந்தது 4, 5 சதவீதம் வேண்டும். அரைத்த தார் அடுக்கில் மட்டும் இது கிடைக்காது. நுண்துகள் எல்லாம் பழைய தாரில் ஒட்டிக் கிடக்கும். அப்படியானால் கிரஷர் தூளை மேலே பரப்பி விட்டு அரைக்க வேண்டும்.

இன்னொன்று. பழைய ரோடுகளின் அடியில் கையால் அடுக்கிய சோலிங் கற்கள் இருக்கும். அரைக்கும் உருளையின் கார்பைடு பற்கள் அதில் பட்டால் ஒரு மணி நேரத்தில் ஒரு செட் பல் போகும். உடையாத கல் மேலே வந்து ரோலரின் அடியில் துள்ளும். சோலிங் எந்த ஆழத்தில் தொடங்குகிறது என்பதைக் குழியில் பார்த்து, அதற்கு மேலேயே நின்றுவிடுவது நல்லது. பழைய வேலையில் யாராவது கண்ணாடி இழை வலை விரித்திருந்தால் அது உருளையில் சுற்றிக்கொள்ளும். குறுக்கே போகும் சிறுபாலங்களின் மேல் மண்மூடி எவ்வளவு என்பதையும் அளந்து, அவற்றின் இரு பக்கமும் வெள்ளைக் கோடு போட்டு வையுங்கள்.

கேள்வி: தார் எப்படி நுரைக்கும்? சோப்பு போடுவார்களா?
— பிளஸ் டூ மாணவி, சிவகாசி

சோப்பு இல்லை, வெறும் தண்ணீர். அடுப்பில் கொதிக்கும் எண்ணெயில் ஈரக் கரண்டியை விட்டால் என்ன ஆகும்? அதேதான். 160 முதல் 180 டிகிரி சூட்டில் இருக்கும் தாரோடு, அதன் எடையில் 2, 3 சதவீதம் தண்ணீரை அழுத்தத்தில் ஒரு சின்ன அறைக்குள் பீய்ச்சுவார்கள். தண்ணீர் சட்டென்று ஆவியாகித் தாரைக் குமிழ்களாக ஊதிவிடும். பத்துப் பதினைந்து மடங்கு பெருகும். சில நொடிகள்தான் அப்படி இருக்கும். அதற்குள் ஈரமான, குளிர்ந்த ஜல்லிப் பொடியோடு கலந்துவிட வேண்டும். ஊதியது பாதியாக இறங்க எடுக்கும் நேரம் 6 நொடிக்குக் குறையக்கூடாது. பெருக்கம் 8 மடங்குக்குக் கீழே போனால் அந்தத் தார் வேண்டாம் என்பது கணக்கு.

அமெரிக்காவில் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாடிஸ் சாஞ்சி 1950-களின் நடுவில் நீராவியைக் கொண்டு இதைச் செய்து காட்டினார். வேலையிடத்தில் பாய்லரை இழுத்துக்கொண்டு போவது யாருக்கு முடியும்? 1968-இல் ஆஸ்திரேலியாவின் மொபில் நிறுவனம் நீராவிக்குப் பதில் குளிர்ந்த தண்ணீர் போதும் என்று மாற்றியது. அதன் காப்புரிமைக் காலம் முடிந்து, 1990-களில் பெரிய அரைக்கும் இயந்திரங்களில் இந்த அறைகளைப் பொருத்தியபோதுதான் முறை உலகெங்கும் பரவியது.

ஒரு சின்ன வில்லங்கம்: சுத்திகரிப்பு ஆலையில் தார் பொங்காமல் இருக்கச் சிலிக்கோன் கலப்பதுண்டு. நாம் பொங்க வேண்டும் என்று நிற்கும்போது அது பொங்க மறுக்கும். அதனால் ஒவ்வொரு புது ஆலைத் தாரையும் ஆய்வகத்தில் நுரைத்துப் பார்த்த பிறகே ஆர்டர் கொடுக்க வேண்டும்.

கேள்வி: எமல்ஷன், நுரைத் தார் இரண்டில் எது மேல்?
— ஒப்பந்ததாரர், சேலம்

முடிவில் கிடைக்கும் அடுக்கு கிட்டத்தட்ட ஒன்றுதான். தார் ரோடு வடிவமைப்புக்கான வழிகாட்டியான ஐ.ஆர்.சி. 37 இரண்டுக்கும் 800 மெகாபாஸ்கல் என்ற ஒரே விறைப்பு மதிப்பைத்தான் வடிவமைப்புக்குத் தருகிறது. வேறுபாடு வேலையில்தான்.

எமல்ஷனில் 60 சதவீதம் தார், மீதி தண்ணீர் என்று வையுங்கள். 3.5 சதவீதம் எமல்ஷன் போட்டால் 2.1 சதவீதம் தார் போகிறது, கூடவே 1.4 சதவீதம் தண்ணீரும் போகிறது. மழைக்குப் பின் ஏற்கெனவே ஈரமாக இருக்கும் ரோட்டில் இந்தத் தண்ணீருக்கு இடமே இருக்காது. நுரைத் தாரில் அந்தத் தொல்லை இல்லை. அன்றே வண்டி விடலாம். ஆனால் 170 டிகிரித் தாரைச் சுமந்து, சூடு ஆறாமல் காத்து, நுரைக்கும் வசதியுள்ள இயந்திரம் வேண்டும். எமல்ஷனைச் சாதாரண டேங்கரில் கொண்டுவந்து, குளிராகவே தெளிக்கலாம்.

எமல்ஷனில் மெதுவாக உடையும், அதாவது தாரும் தண்ணீரும் மெதுவாகப் பிரியும், எஸ்.எஸ்.2 வகையைத்தான் வாங்க வேண்டும். டாக் கோட்டுக்கு (இரண்டு அடுக்குகள் ஒட்டுவதற்காக நடுவே தெளிக்கும் பூச்சு) வைத்திருக்கும் வேகமாக உடையும் வகையை 'இருக்கிறதே' என்று ஊற்றினால் கலக்கும் அறையிலேயே உடைந்து தார் உருண்டையாகிவிடும்.

நீண்ட நெடுஞ்சாலை, தொடர்ந்து தார் வரத்து, நெரிசலான போக்குவரத்து என்றால் நுரை. சின்ன வேலை, காய நேரம் உண்டு என்றால் எமல்ஷன்.

கேள்வி: நுரைத் தார் வேலையை வரிசைப்படி, அளவோடு சொல்லுங்கள். 20 செ.மீ. ஆழம், 7 மீட்டர் அகலம்.
— இளநிலைப் பொறியாளர், திருநெல்வேலி

அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 2.1 டன் என்று கொண்டால், சதுர மீட்டருக்கு 420 கிலோ பொருள். ஆய்வகக் கலவை 2.2 சதவீதம் தார், 1 சதவீதம் சிமெண்ட் என்று வந்திருந்தால், சதுர மீட்டருக்குத் தார் 9.2 கிலோ, சிமெண்ட் 4.2 கிலோ. கிலோமீட்டருக்குத் தார் 65 டன், சிமெண்ட் 30 டன் அளவுக்குத் தயாராக இருக்க வேண்டும்.

அந்த ஆய்வகக் கலவையை எப்படித் தேர்வது? 100 மி.மீ. விட்ட மாதிரிகளை ஒவ்வொரு பக்கத்திலும் சுத்தியலால் 75 முறை அடித்து, 40 டிகிரி அடுப்பில் 72 மணி நேரம் வைத்து, பக்கவாட்டில் அமுக்கி இழுவிசை பார்ப்பார்கள். உலர்ந்ததில் 225 கிலோபாஸ்கல், 24 மணி நேரம் தண்ணீரில் ஊறியதில் 100 கிலோபாஸ்கல் குறைந்தபட்சம். நம் மழைக்கு ஊறிய எண்ணைத்தான் முதலில் பாருங்கள்.

ஓட்டத் திட்டத்தை முதல் நாளே காகிதத்தில் வரையுங்கள். 2.5 மீட்டர் உருளை என்றால் மூன்று ஓட்டத்தில் 7 மீட்டர் முடியும். இணைப்புக்கு 25 செ.மீ. மேற்படிவு, அதாவது ஒரு ஓட்டம் அடுத்ததன் மேல் படியும் அகலம், கிடைக்கும். 2.4 மீட்டர் உருளை என்றால் மூன்று ஓட்டத்தில் மேற்படிவு 10 செ.மீ.தான் மிஞ்சும். குறைந்தது 15 வேண்டும் என்பதால் நான்காவது ஓட்டம் தவிர்க்க முடியாது. டெண்டர் போடும்போதே இதை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. இணைப்பு சக்கரம் ஓடும் தடத்தில் விழுகிறதா என்றும் பாருங்கள். விழுந்தால் மேற்படிவைக் கூட்டியோ ஓட்டத்தைக் கூட்டியோ நகர்த்துங்கள்.

சிமெண்டைப் பரப்பும் வண்டி இல்லாவிட்டால் மூட்டையாகவே செய்யலாம். 2.5 மீட்டர் அகலத்துக்கு 50 கிலோ மூட்டை 4.75 மீட்டருக்கு ஒன்று. அடுத்த ஓட்டத்தில் 25 செ.மீ. ஏற்கெனவே சிமெண்ட் பட்ட இடம், ஆகவே 5.3 மீட்டருக்கு ஒன்று. மூட்டையைக் கிழித்து ரப்பர் விளிம்புக் கட்டையால் ஒரே சீராக இழுத்துவிட வேண்டும். இயந்திரத்துக்கு முன்னால் வெகுதூரம் பரப்பி வைக்காதீர்கள். காற்று ஒரு பங்கை எடுத்துப் போகும், எதிர்பாராத தூறல் மீதியைக் கெடுக்கும்.

பிறகு வண்டி வரிசை: தார் டேங்கரும் தண்ணீர் டேங்கரும் குழாயால் இயந்திரத்தோடு இணைந்து, அதே வேகத்தில் நகரும். நிமிடத்துக்கு 6 முதல் 10 மீட்டர். வேகம் கூட்டினால் உருளைக்கு முன்னால் தார் அடுக்கு பலகை பலகையாகப் பெயர்ந்து கட்டியாகவே உள்ளே போகும். கலக்கும்போது ஈரம், உகந்த ஈரப்பதத்தின் (பொருள் மிக நெருக்கமாக அழுந்தும் ஈர அளவு) முக்கால் பங்கு அளவில் இருக்க வேண்டும். மேற்படிவு ஓரத்தில் உள்ள, தார் தெளிக்கும் முனையை மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பட்டைக்கு இரட்டைத் தார், வெயிலில் அது இளகி வாய்க்கால் போலப் பள்ளம் விழும்.

ஒவ்வொரு டேங்கரும் வந்தவுடன் சூட்டைப் பாருங்கள். டேங்கரோடு வரும் காட்டியை நம்பாமல் சொந்த வெப்பமானியால் பாருங்கள். 150-க்குக் கீழே இருந்தால் திருப்பி அனுப்புங்கள். 20 டன் டேங்கர் ஏறக்குறைய 870 மீட்டர் ஓடும். ஆனால் கடைசி ஒரு டன்னை எதிர்பார்க்காதீர்கள். அடியில் இருக்கும் அது ஆறிப்போயிருக்கும், கசடையும் இழுத்துவந்து முனையை அடைக்கும். டேங்கர் மாற்றும் இடத்தில் உருளை நின்ற கோட்டைக் குறித்து, மீண்டும் தொடங்கும்போது இரண்டு மீட்டர் பின்னால் இருந்து தொடங்குங்கள். முன்பு தண்ணீர் ஏற்றிய டேங்கரில் சொட்டு மிச்சம் இருக்க, சுடு தாரை ஊற்றினால் அது பொங்கி வெளியே அடிக்கும். உயிர் போகும் விஷயம் இது.

ரோலர் வரிசைதான் அதிகம் தப்பும் இடம். இயந்திரத்தின் பின்சக்கரங்கள் போன இரண்டு தடம் ஏற்கெனவே பாதி அழுந்தியிருக்கும்; நடுவில் பொருள் உதிரியாகப் புடைத்திருக்கும். உடனே கிரேடரை விட்டு மட்டம் தட்டினால் உதிரியானது தடத்தின் மேல் விழுந்து, மேலே சமமாகவும் உள்ளே இரண்டு விதமாகவும் அடுக்கு உருவாகும். இதைப் பிறகு எதைக் கொண்டும் சரிசெய்ய முடியாது. எனவே கிரேடருக்கு முன்னால் மேடுமுனை உருளை ரோலர் (உருளையில் கட்டை கட்டையாகப் புடைப்பு உள்ளது), கனமானது, நடுப்பகுதியை முதலில் அழுத்த வேண்டும். அதன் பின் கிரேடர், பிறகு வழவழப்பான உருளை, கடைசியாகத் தண்ணீர் தெளித்து டயர் ரோலர். டயர் ரோலர் நுண்துகளை மேலே இழுத்து மேற்பரப்பை மூடிவிடும்.

கேள்வி: அரைத்துக் கலந்த பொருள் கறுப்பாகவே இல்லை, செம்பழுப்பாக இருக்கிறது. தாரைத் திருடிவிட்டார்களா?
— ஊராட்சி உறுப்பினர், கரூர்

நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. சூடான கலவையில் ஒவ்வொரு கல்லும் தாரில் முங்கி எழும்; இதில் அப்படி இல்லை. நுரைத் தார் நுண்துகளோடு மட்டும் ஒட்டி, பெரிய கற்களுக்கு நடுவே வெல்டிங் பொட்டு வைத்தது போல ஆங்காங்கே பிடித்துக்கொள்ளும். கல் தன் நிறத்திலேயே தெரியும். ஒரு கை அள்ளி இறுகப் பிடித்து விரியுங்கள்: உருண்டை உடையாமல் நின்று, உள்ளங்கையில் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள் பதிந்தால் தார் நன்றாகப் பரவியிருக்கிறது. புள்ளிகளுக்குப் பதில் நூல் நூலாகவோ உருண்டையாகவோ தார் தெரிந்தால் சூடு போதவில்லை. தண்ணீர் சொட்டினால் ஈரம் மிகுதி. திருட்டைப் பிடிக்க வேண்டுமானால் டேங்கர் எடைச்சீட்டையும் அன்று ஓடிய சதுர மீட்டரையும் வகுத்துப் பாருங்கள்.

கேள்வி: ஒரு சதவீதம் சிமெண்டே இவ்வளவு பலம் தருமானால் மூன்று போட்டால் என்ன?
— மேற்பார்வையாளர், கிருஷ்ணகிரி

மூன்று போட்டால் அது தார் அடுக்கு அல்ல, மெலிந்த கான்கிரீட். தாரோடு சேரும்போது சிமெண்டின் வேலை நுண்துகளைச் சேர்ப்பதும், ஊறினாலும் தார் பிடியை விடாமல் காப்பதும்தான். ஒன்றைத் தாண்டினால் அடுக்கு விறைத்து வெடிக்கும். அந்த வெடிப்பு மேலே போடும் புதுத் தாரிலும் அப்படியே எழுந்து வரும்.

தாரே இல்லாமல் சிமெண்ட் மட்டும் போட்டுச் செய்யும் முழு ஆழ முறை தனி. பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில் உத்தரப் பிரதேசம் அதைத்தான் பெரிய அளவில் தொடங்கியது. அங்கே சிமெண்ட் பல சதவீதம் போகும், சேர்மானமும் உண்டு. அது வெடிக்கும் என்று தெரிந்தேதான் செய்கிறார்கள். வெடிப்பு மேலே ஏறாமல் இருக்க நடுவில் வெடிப்புத் தடுப்பு அடுக்கு ஒன்று போட வேண்டும். அதை மிச்சம் பிடித்தால் இரண்டாவது வருடம் குறுக்குக் கோடுகள் தெரியும். சிமெண்ட் கலந்து இரண்டு மணி நேரத்துக்குள் அழுத்தி முடிக்க வேண்டும் என்பது இரண்டு முறைக்கும் பொது.

கேள்வி: ரோலர் போகும்போது ரப்பர் மெத்தை மாதிரி அமுங்கி எழும்புகிறது. இன்னும் எத்தனை ஓட்டம் ஓட்டலாம்?
— ரோலர் ஓட்டுநர், ஓசூர்

ஒன்றுகூட வேண்டாம். நிறுத்துங்கள். ஈரம் மிகுந்த பொருளை அழுத்த அழுத்தத் தண்ணீர்தான் அழுத்தத்தைத் தாங்குகிறது, கல் நெருங்குவதில்லை. ஒரு சின்னக் குழி தோண்டுங்கள். அடுக்குக்குள்ளேயே ஈரம் என்றால் கிளறிக் காயவிடலாம். சிமெண்ட் சேர்த்திருந்தால் நேரம் போய்விடும் என்பதால் மறுபடி சிமெண்ட் கணக்கு வரும். அடிமண்ணே தளதளவென்று இருந்தால் அந்த இடத்தை வெட்டியெடுத்து, கிராவல் நிரப்பி, பிறகுதான் மேலே வர முடியும். பெரும்பாலும் அந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வாய்க்கால் அடைத்திருக்கும், அல்லது புருவம் (ரோட்டோர மண் பட்டை) ரோட்டைவிட உயர்ந்து தண்ணீரை ரோட்டிலேயே தேக்கியிருக்கும். அதைத் திறக்காமல் ரோட்டை மட்டும் மறுசுழற்சி செய்வது, கூரை ஒழுகும் வீட்டுக்குத் தரையை மாற்றுவது போல.

ஈரத்தை அளக்க அணுக்கதிர்க் கருவியை நம்பாதீர்கள். அது ஹைட்ரஜனை எண்ணுகிறது. தாரிலும் ஹைட்ரஜன் உண்டு. அடுப்பில் காயவைத்து எடை போடுவதுதான் சரி.

கேள்வி: எப்போது வண்டி விடலாம்? மேலே தார் எப்போது போடலாம்?
— பேருந்து ஓட்டுநர், திண்டுக்கல்

நுரைத் தார் அடுக்கில் அன்று மாலையே விடலாம். வேகம் 30, 40 கி.மீ.க்கு மேல் வேண்டாம். வளைவிலும் நிறுத்தத்திலும் மேல்தோல் உதிரும். அங்கே சம அளவு தண்ணீர் கலந்த எமல்ஷனை மெல்லத் தெளித்து, மணல் தூவி விடுவார்கள். எமல்ஷன் அடுக்கு காயும்வரை பொறுக்க வேண்டும். ஈரம் உகந்த அளவின் பாதிக்கும் கீழே இறங்கிய பிறகே மேல் அடுக்கு. நல்ல வெயிலில் ஒரு வாரம், பத்து நாள் ஆகலாம். ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் அது வெளியே வரவே வராது. வடகிழக்குப் பருவமழை கொட்டும் பகுதிகளில் இந்த வேலையை அக்டோபரில் தொடங்குவதே வம்பு. ஜனவரிக்குப் பிறகு வையுங்கள்.

இந்த அடுக்கை மட்டும் போட்டுவிட்டு 'ரோடு முடிந்தது' என்று போய்விடக்கூடாது. இது அடித்தளம். 800 மெகாபாஸ்கல் எங்கே, வி.ஜி.40 தாரில் போட்ட அடர் கலவையின் 3,000 எங்கே? மேலே புதுத் தார்க் கலவை, போக்குவரத்துக்கு ஏற்ற கனத்தில், கட்டாயம் வேண்டும்.

கேள்வி: ரோடு போட்டுப் போட்டு எங்கள் வீடு பள்ளத்துக்குப் போய்விட்டது. இந்த முறையில் உயரம் கூடாதல்லவா?
— குடும்பத் தலைவி, சென்னை பெரம்பூர்

தானாகக் குறையாது. அரைத்த பொருள் பழைய இறுக்கத்துக்குத் திரும்புவதில்லை; கொஞ்சம் பொங்கியே நிற்கும். அதற்கு மேல் 3 முதல் 5 செ.மீ. புது அடுக்கு. உயரம் ஏறக்கூடாது என்றால் முதலில் மேலே அந்த அளவைச் சுரண்டி வெளியே கொண்டுபோக வேண்டும். 2021-இல் தமிழக அரசின் தலைமைச் செயலரும் இதைத்தான் அறிவுறுத்தினார்: பழைய மேல்தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதுத் தளம். நகரத் தெருவில் முழு ஆழ அரைப்பு பெரும்பாலும் நடக்காத காரியம். பாதாளச் சாக்கடை மூடிகள், ஒரு முழ ஆழத்தில் போகும் குடிநீர்க் குழாய், யாரும் வரைபடத்தில் காட்டாத கேபிள் எல்லாம் குறுக்கே கிடக்கும். தெருவுக்கு மில்லிங் செய்து, அதாவது மேல்தளத்தை மட்டும் சுரண்டி, எடுத்துப்போய், அந்தப் பொருளைத் தார்க் கலவை ஆலையில் ஒரு பங்காகச் சேர்ப்பதே பொருத்தம்.

கேள்வி: இது கிராமச் சாலைக்குச் சரி. கனரக லாரி ஓடும் பெரிய நெடுஞ்சாலை தாங்குமா?
— லாரி உரிமையாளர், சங்ககிரி

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் இன்டர்ஸ்டேட் 81 என்பது லாரிகளுக்குப் பேர் போன சாலை. 2011-இல் அகஸ்டா கவுண்டியில் தெற்கு நோக்கிய பக்கம் 3.66 மைலுக்கு, அதாவது ஏறக்குறைய 6 கி.மீ.க்கு, மறுசுழற்சியை மட்டுமே நம்பிச் செய்தார்கள். லாரிகள் அதிகம் ஓடும் வலப் பாதையில் மேல் தார் அடுக்கைப் பெயர்த்து ஓரமாக எடுத்துப்போய், அடித்தளத்தை அங்கேயே முழு ஆழத்துக்குப் பிணைத்தார்கள். பெயர்த்ததை அருகில் நிறுத்திய நடமாடும் ஆலையில் நுரைத் தாரோடு கலந்து திரும்ப விரித்தார்கள். இடப் பாதையில் குளிர் முறை. மேலே புதுத் தார். அடுத்த ஆண்டு அலபாமாவில் ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் சோதனைத் தடத்தில் அதே மாதிரி அடுக்குகளைப் போட்டு, சுமையேற்றிய லாரிகளைச் சுற்றிச் சுற்றி ஓட்டிப் பார்த்தார்கள். தாங்கியது. ஆனால் அங்கே வலப் பாதைக்கும் இடப் பாதைக்கும் தனித்தனி வடிவமைப்பு செய்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

கேள்வி: 'தார்' என்று சொல்வது சரியா, 'பிட்டுமன்' என்று சொல்ல வேண்டுமா?
— தமிழாசிரியர், காரைக்குடி

பேச்சில் தார் என்றே சொல்லலாம். நாமும் அப்படித்தான் எழுதியிருக்கிறோம். ஆனால் நிலக்கரியிலிருந்து வடித்த தார் வேறு, கச்சா எண்ணெயிலிருந்து கிடைக்கும் இப்போதைய ரோட்டுத் தார் வேறு. ஐரோப்பாவில் நிலக்கரித் தார் போட்ட மிகப் பழைய ரோடுகள் உண்டு. அவற்றைச் சூடாக்கினால் புற்றுநோய் உண்டாக்கும் ஆவி எழும் என்பதால் சூடான மறுசுழற்சிக்கு விடுவதில்லை. குளிர் முறையில் பிணைத்து மூடிவிடுகிறார்கள்.

கேள்வி: ஆய்வகம் 60 கி.மீ. தள்ளி இருக்கிறது. வேலையிடத்தில் கையோடு எதைச் சோதிக்கலாம்?
— தளப் பொறியாளர், இராமநாதபுரம்

ஒரு இரும்புக் கம்பி, அளவு நாடா, வெப்பமானி, ஒரு புட்டி பீனால்ப்தலீன் கரைசல். இயந்திரம் போன பின் உதிரியை விலக்கி, வெட்டின அடி தெரியும்வரை தோண்டி, பக்கத்து வெட்டாத விளிம்பிலிருந்து ஆழத்தை அளக்க வேண்டும். உதிரியின் மேலிருந்து அளந்தால் பொங்கிய அளவும் சேர்ந்து ஆழம் கூடுதலாகக் காட்டும். உருளையின் இரண்டு முனையிலும் அளக்க வேண்டும், ஏனென்றால் ஒரு பக்கப் பல் தேய்ந்திருந்தால் அந்தப் பக்கம் ஒன்றிரண்டு செ.மீ. குறையும், இயக்குபவரின் திரை அதைச் சொல்லாது. தோண்டிய குழியின் சுவரில் பீனால்ப்தலீனைத் தெளியுங்கள். சிமெண்ட் போன இடம் இளஞ்சிவப்பாகும். மேலே மட்டும் சிவந்து கீழே நிறம் மாறாமல் இருந்தால், அந்த ஓட்டத்தைக் காயும் முன் இன்னொரு முறை அரைக்கச் சொல்லுங்கள்.